டார்சியின் ‘பிரெஷஸ் லார்ட், டேக் மை ஹேண்ட்’ பாட்டும் அதன் பின்னணியும்

சிகாகோவின் தென்பகுதியில் உள்ள ஒரு கறுப்பினத்தவர் தேவாலயத்தில், உடன் பணியாற்றியவருடைய தாயாரின் அடக்க ஆராதனையில்தான் இந்தப் பாட்டை முதன்முதலாக முழுமையாகக் கேட்டேன். பாடிய அம்மையார் ஒவ்வொரு சொல்லையும் இழுத்து நிறுத்த, சபையார் மறுமொழி கொடுக்கும்வரை ஆர்கன் அடுத்த வரிக்குப் போகாமல் காத்திருந்தது. வெள்ளைச் சீருடையும் கையுறையும் அணிந்த மூதாட்டிகள், அழுதுகொண்டிருந்தவர்களுக்கு அட்டை விசிறியால் வீசிக்கொண்டிருந்தார்கள். சோர்ந்துவிட்டேன், பெலனில்லை, கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துப்போம் என்பதற்கு மேல் அந்தப் பாட்டில் அதிகமில்லை. வெற்றிமுழக்கம் ஏதுமற்ற அந்த வரிகள் எங்கிருந்து வந்தன என்று தேடிப் படித்தேன்.

இயற்றியவர் தாமஸ் டார்சி. ஜார்ஜியாவில் 1899இல் ஒரு போதகரின் மகனாகப் பிறந்து, ‘ஜார்ஜியா டாம்’ என்ற பெயரில், அமெரிக்கக் கறுப்பினத்தவரின் உலகியல் இசையான ப்ளூஸ் வாசித்துப் புகழ்பெற்றவர். அந்நாளில் அவர் பாடிய சிலவற்றைக் கோயில் வளாகத்துக்குள் முணுமுணுக்கவும் முடியாது. 1932 ஆகஸ்டில், நிறைமாதமாக இருந்த மனைவி நெட்டியைச் சிகாகோவில் விட்டுவிட்டு, செயின்ட் லூயிஸில் நடந்த எழுப்புதல் கூட்டத்தில் பாடச் சென்றார். மனைவி பிரசவத்தில் இறந்த செய்தி அங்கே தந்தியாக வந்தது. பிறந்த ஆண் குழந்தையும் பிழைக்கவில்லை. தாயையும் பிள்ளையையும் ஒரே பெட்டியில் வைத்து அடக்கம் செய்தார்கள்.

கடவுள் தனக்கு அநீதி செய்துவிட்டதாகவும், இனி அவருக்காகப் பாட்டெழுதாமல் ப்ளூஸுக்கே திரும்பிவிட நினைத்ததாகவும் டார்சியே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். இக்கதையைப் பிரசங்கத்தில் எடுத்துச் சொல்பவர்கள் பலர் இந்தக் கோபத்தைத் தொட்டும் தொடாமலும் கடந்துவிடுகிறார்கள். என் மட்டில், அது இல்லாமல் இந்தப் பாட்டே இல்லை. நண்பர் தியோடர் ஃப்ரை உடனிருக்க ஒரு பியானோவின் முன் அமர்ந்தபோது, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பழைய ஞானப்பாட்டு ராகமொன்று அவர் விரல்களில் வந்தது. அதை ப்ளூஸ்காரரின் கைவாகில் வளைத்து வாசித்தபடியே சொற்களைச் சேர்த்தார்.

மார்ட்டின் லூதர் கிங்குக்கு இது மிகவும் பிடித்த பாட்டு. 1968 ஏப்ரல் 4 அன்று மெம்பிஸில் சுடப்படுவதற்குச் சற்று முன்புதான், அன்றிரவுக் கூட்டத்தில் இதை அழகாக வாசிக்கும்படி இசைக்கலைஞர் பென் பிராஞ்சிடம் கேட்டுக்கொண்டார். கிங்கின் அடக்கத்தில் மஹாலியா ஜாக்சன் அதைப் பாடினார். ட்ரம்ஸ் சேர்த்து விறுவிறுப்பாக்கிய பதிவுகள் இப்போது நிறைய உண்டு, எனக்கு அவை ஒட்டவில்லை. முதன்முறை கேட்பவர்கள் மஹாலியாவின் குரலிலேயே கேட்க வேண்டும் என்பேன்.