கேஸ் ஏற்றியும் ஐடிலில் கார் ஏசி குளிரவில்லை. ஹை சைடு 300 பிஎஸ்ஐயைத் தாண்டுகிறது

கேள்வி:
கல் பட்டு ஓட்டையான கண்டென்சரை (சூடான கேஸை ஆறவைத்துத் திரவமாக்கும் முன்பக்கப் பகுதி) மாற்றிவிட்டு ஆர்134ஏ என்ற ஏசி கேஸ் ஏற்றியிருக்கிறேன். பானெட்டுக்கு அடியில் உள்ள ஸ்டிக்கரில் 480 ± 20 கிராம் என்று இருக்கிறது. தராசில் வைத்து 480 கிராம்தான் போட்டேன். வண்டி ஓடும்போது குளிர்ச்சி சுமார். நின்றால் இரண்டே நிமிடத்தில் வெதுவெதுப்பாகிவிடுகிறது. வெளியே 32 டிகிரி; ஐடிலில் (வண்டி நின்று எஞ்சின் மட்டும் ஓடும்போது) கம்ப்ரஸருக்குள் போகும் லோ சைடில் அழுத்தம் 52, அதிலிருந்து வெளிவரும் ஹை சைடில் 305 பிஎஸ்ஐ. ஃபேன் சுற்றுகிறது. கேஸ் அதிகமாகிவிட்டதா? கொஞ்சம் திறந்துவிட்டால் சரியாகுமா?

பதில் 1:
தயவுசெய்து திறந்துவிடாதீர்கள். எவ்வளவு போனது, உள்ளே எவ்வளவு மிச்சம் என்று அதன்பிறகு யாராலும் சொல்ல முடியாது. இந்த வெயிலுக்கு ஐடிலில் லோ 30–45, ஹை 200–250 அளவில் நிற்க வேண்டும். இரண்டும் சேர்ந்து ஏறியிருந்தால் ஒன்று கேஸ் அதிகம், அல்லது கண்டென்சர்மேல் காற்றோட்டம் போதவில்லை, அல்லது சிஸ்டத்துக்குள் காற்று மாட்டியிருக்கிறது.

முதலில் காற்றோட்டத்தைப் பாருங்கள். ஃபேன் சுற்றினால் மட்டும் போதாது. முன் கிரில்லில் ஒரு தாளை வைத்தால் உள்ளே இழுத்து ஒட்டிக்கொள்ள வேண்டும். கண்டென்சர் மாற்றும்போது ஓரத்து ஸ்பாஞ்சைத் திரும்ப வைக்காமல் விட்டால், ரேடியேட்டரின் சூடான காற்றே சுற்றி முன்பக்கம் வந்துவிடும். பிறகு எஞ்சின் ஓடும்போதே கண்டென்சர் முகப்பில் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு கேஜைப் பாருங்கள். ஹை சைடு மளமளவென்று 200 பக்கம் இறங்கினால் கோளாறு காற்றோட்டத்தில்தான்.

கேட்டவர்:
ஸ்பாஞ்ச் இருக்கிறது, தாளும் ஒட்டுகிறது. தண்ணீர் தெளித்தால் 305 இலிருந்து 265 வரை வருகிறது, அதற்குக் கீழே இறங்கவில்லை. ஒன்று சொல்ல விட்டுப்போனது: கேஸ் ஏற்றும் முன் உள்ளிருக்கும் காற்றை உறிஞ்ச வேக்குவம் பம்ப் 20 நிமிடம் ஓடியும் கேஜ் 15 இஞ்சைத் தாண்டவில்லை (முழு வெற்றிடம் என்றால் ஏறக்குறைய 30 இஞ்ச்).

பதில் 2:
சார், அந்த இடத்திலேயே நிறுத்தியிருக்க வேண்டும். 15 இஞ்ச் என்றால் பாதிக் காற்று இன்னும் உள்ளேயே இருக்கிறது. ஆனாலும் ஊகத்தில் விட வேண்டாம், உறுதி செய்துகொள்ளலாம். வண்டியை ராத்திரி முழுக்க நிறுத்தி, விடிவதற்கு முன், ஸ்டார்ட் பண்ணாமல் கேஜ் மாட்டுங்கள். கண்டென்சர் பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள். மீதிக் கேஸ் உள்ள சிலிண்டரையும் அதே இடத்தில் வைத்து அதன் அழுத்தத்தையும் பாருங்கள்.

கேட்டவர்:
28 டிகிரி. வண்டியில் 103 பிஎஸ்ஐ, சிலிண்டரில் 91.

பதில் 2:
28 டிகிரியில் சுத்தமான ஆர்134ஏ 91 பிஎஸ்ஐதான் காட்டும். ஆகவே சிலிண்டரில் இருப்பது பெரும்பாலும் நல்ல கேஸ்தான். உள்ளே திரவம் இருக்கும்வரை, 300 கிராம் போட்டாலும் 600 போட்டாலும் நின்ற நிலையில் அழுத்தம் மாறாது; அது வெப்பநிலையை மட்டுமே சார்ந்தது. அதனால் கூடுதல் 12 பிஎஸ்ஐ அதிகக் கேஸால் வரவே முடியாது. அது காற்று. ஓட ஆரம்பித்ததும் அந்தக் காற்று கண்டென்சரில் போய்த் தேங்கும். அது திரவமாகாது, இடத்தை மட்டும் அடைக்கும். ஐடிலில் முதலில் உதைப்பது அதனால்தான்.

இனி செய்ய வேண்டியது: உள்ளே இருப்பதை ரெக்கவரி மெஷினில் முழுக்க எடுத்துவிடுங்கள், வெளியில் விடக்கூடாது. அடுத்து பம்பைத் தனியாகச் சோதியுங்கள். ஹோஸ் முனைகளை மூடி ஓட்டினால் சில நொடிகளில் 29 இஞ்ச் வர வேண்டும். வந்தால் பம்பும் கேஜும் சரி, லீக் வண்டியில். வராவிட்டால் முதலில் பம்ப் ஆயிலை மாற்றிப் பாருங்கள். லீக் தேட நைட்ரஜன் 150 பிஎஸ்ஐ ஏற்றி ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் சோப்பு நுரை தடவுங்கள், சர்வீஸ் வால்வின் வாயிலும் சேர்த்து. டயருக்கு அடிக்கும் கம்ப்ரஸர் காற்று வேண்டாம். அதில் ஈரம் இருக்கும், மிச்சமுள்ள கேஸோடு அழுத்தத்தில் கலப்பதும் ஆபத்து.

டிரையர் (ஈரத்தை உறிஞ்சும் பகுதி) மாற்றியே ஆக வேண்டும். ஈரம் தங்கினால், திரவத்தைச் சிறு துளை வழியே விட்டுக் குளிரவைக்கும் எக்ஸ்பான்ஷன் வால்வில் பனியாக உறைந்து அடைக்கும், ஆயிலோடு சேர்ந்தால் அமிலமாகி உள்ளிருந்து அரிக்கும். 30 டிகிரியில் தண்ணீர் கொதித்து வெளியேற ஏறக்குறைய 28.7 இஞ்ச் வேக்குவம் தேவை. 15 இஞ்சில் எத்தனை மணி நேரம் ஓட்டினாலும் ஈரம் போகாது. 29க்கு மேல் கொண்டுபோய் 45 நிமிடம் ஓட்டுங்கள். வால்வை மூடி 20 நிமிடம் முள் அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள்.

புது கண்டென்சருக்கு ஆயில் சேர்த்தீர்களா? பொதுவாக 20–30 மில்லி, உங்கள் வண்டியின் மேனுவல் சொல்வதே இறுதி. ஹைப்ரிட் வண்டியின் மின்சாரக் கம்ப்ரஸர் என்றால் பிஏஜி ஆயில் ஒரு சொட்டுகூடப் போகக்கூடாது. மின்காப்பு கெட்டுவிடும், அதற்கு பிஓஈ வகைதான்.

பதில் 1:
கேஸ் ஏற்றும்போது ஒரு எச்சரிக்கை. எஞ்சின் ஓடுகையில் ஹை சைடு வால்வைத் திறக்கவே கூடாது. அழுத்தம் திரும்பிப் பாய்ந்து கேன் வெடிக்கும். லோ சைடில், கேனை நிமிர்த்தியே வைத்து ஏற்றுங்கள். கவிழ்த்தால் திரவம் நேராகக் கம்ப்ரஸருக்குள் போய் வால்வை உடைக்கும். கேனிலிருந்து வரும் மஞ்சள் ஹோஸில் இருக்கும் காற்றை மேனிஃபோல்டு (கேஜ்கள் மாட்டிய கட்டை) முனையில் ஒரு நொடி தளர்த்தி வெளியேற்றிவிட்டுத் தொடங்குங்கள். லீக் அடைக்கும் ரசாயனக் கேன் எதையும் சேர்க்காதீர்கள், எக்ஸ்பான்ஷன் வால்வையும் ரெக்கவரி மெஷினையும் கெடுத்துவிடும்.

கேட்டவர்:
பம்ப் தனியாக 29 காட்டியது. நைட்ரஜனில் கண்டென்சர் இன்லெட் ஜாயின்ட்டில் நுரை பொங்கியது. கழற்றினால், பச்சை ஓ-ரிங் ஒரு பக்கம் மடங்கி, நகக்கீறல் அளவு வெட்டு. ஆயில் தடவாமல் உலர்வாக மாட்டியதுதான் காரணம். புது ரிங்கை ஆயிலில் நனைத்து மாட்டி, டிரையர் மாற்றி, 30 மில்லி பிஏஜி 46 சேர்த்தேன். வேக்குவம் 29.2 இஞ்ச், 20 நிமிடம் அசையவில்லை. 480 கிராம் ஏற்றியதும் 32 டிகிரியில், ஐடிலில், லோ 36, ஹை 220. நடு வென்ட்டில் 8 டிகிரி.