மறுமொழி: சிறகு குட்டையான அந்துக்கு (அந்துப்பூச்சிக்கு) என்ன சொல்?

> 'இறக்கையற்ற' என்று போட்டால் போதாதா? இதற்கு எதற்குப் புதுச்சொல்?

போதாது. நான் எழுதிக்கொண்டிருப்பது 1905-இல் பூச்சியியலாளர் எட்வர்ட் மெய்ரிக் பெயரிட்ட ஓரோகிராம்பஸ் சோபிஸ்டெஸ் என்ற நியூசிலாந்து அந்தைப் பற்றி. தென் தீவின் நடுவே, மலைத்தொடரின் மழைமறைவில் கிடக்கும் மெக்கன்சி படுகையும் மத்திய ஒடாகோவும்தான் அதன் இடம். ஆண் பறக்கும். பெண்ணுக்கும் சிறகு உண்டு, ஆனால் பறக்கப் போதாது. 'இறக்கையற்ற' என்று எழுதிவிட்டால், அதைக் கையில் பிடித்துப் பார்ப்பவர் நம்மைத்தான் திட்டுவார். அதோடு, சிறகே இல்லாத பூச்சிகளுக்கு அந்தச் சொல் தேவைப்படும். அதை இங்கே செலவழிக்க வேண்டாம்.

அது எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்பதை விளக்கவும் குட்டைச் சிறகுக்கு ஒரு சொல் இல்லாமல் முடியாது. ஒரு புல்தரையை உழுது பாசனம் வைத்து மேய்ச்சல் நிலமாக்கினால், அங்கிருந்த பெண்களோடு கதை முடிந்தது. பத்து மைல் தள்ளி இன்னொரு கூட்டம் இருந்தாலும், அங்கிருந்து பெண் பறந்துவந்து முட்டையிட வழியில்லை.

சரி, சொல்லுக்கு வருவோம். குறு + இறக்கை = குற்றிறக்கை. 'குற்றுயிர்' போலப் புணர்ச்சி சரிதான், ஆனால் நாக்கு இடறுகிறது. வகுப்பில் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன், கடைசி பெஞ்சில் சிரிப்பு. 'குற்றிறகு' என்றால் மயிலிறகு நினைவுக்கு வந்துவிடும். ஆகவே என் ஓட்டு 'குறுஞ்சிறகு'க்கு. அப்படிப்பட்ட பூச்சி குறுஞ்சிறகி, எதிர்ப்பதம் நெடுஞ்சிறகி.

இந்தச் சொற்களை நெல் வயலில் வைத்து உரசிப் பார்த்தேன். நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சியில் இரண்டு வடிவமும் உண்டு. பயிர் பச்சையாக இருந்து கூட்டமும் குறைவாக இருக்கும்போது குறுஞ்சிறகிகள் மிகும். நெருக்கடி கூடிப் பயிர் காயத் தொடங்கினால், நெடுஞ்சிறகிகள் பெருகி வேறு வயலுக்குக் கிளம்பிவிடும். அங்கே காரணம் நெருக்கடி, நம் அந்தில் பால் வேறுபாடு. சொல்லுக்குள் காரணத்தைத் திணிக்காததால் இரண்டுக்கும் பொருந்துகிறது. '-இ' விகுதி பெண்பாலாகத் தொனிக்கிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். தொலைபேசி என்ன பெண்ணா?

அப்புறம், இன்னொரு சொல்: 'புல்லந்து'. உட்காரும்போது சிறகை உடம்போடு சுருட்டி ஒட்டிக்கொண்டு, புல்தண்டில் ஒரு காய்ந்த சருகுத் துணுக்கு மாதிரி நிற்கும் கூட்டத்துக்கு நல்ல பெயர்தான். ஆனால் அதை கிராம்பினே என்ற துணைக்குடும்பத்தோடு நிறுத்திக்கொள்வோம். அது அடங்கிய கிராம்பிடே குடும்பம் முழுவதற்கும் வைத்தால், கத்தரிக்காயைத் துளைக்கும் புழுவின் தாய் அந்தும் அதில் வந்துவிடுகிறது. எந்தக் கத்தரித் தோட்டக்காரரிடம் போய் அதைப் புல்லந்து என்று சொல்வது?