யூட்டா பயணம்: 12ஆம் எண் சாலையில் போனவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. அக்டோபர் கடைசியில் நானும் மனைவியும் லாஸ் வேகாஸில் காரை வாடகைக்கு எடுத்து அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் சயான், பிரைஸ் கேன்யன், கேப்பிடல் ரீஃப் தேசியப் பூங்காக்கள் வழியாக மோவாப் ஊர் வரை போகிறோம். ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ் பூங்காக்களும் அங்கிருந்து பக்கம்தான்.

பிரைஸிலிருந்து கேப்பிடல் ரீஃபுக்கு 12ஆம் எண் சாலையில் போவதாகத் திட்டம். எஸ்கலான்டே, போல்டர் என்ற இரண்டு ஊர்களுக்கு நடுவே ஹாக்ஸ்பேக் என்ற இடத்தில் சாலை ஒரு குறுகிய முகட்டின் மேல் ஓடுகிறது. இரண்டு பக்கமும் பள்ளம், தடுப்பும் இல்லை என்கிறார்கள். மனைவிக்கு உயரம் என்றாலே பயம். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வருபவருக்கு அது எப்படி இருக்கும்? அழகைப் பிறகு பேசலாம், உள்ளபடி சொல்லுங்கள். போல்டரைத் தாண்டினால் சாலை சுமார் 9,600 அடிக்கு ஏறுகிறது. அந்த நேரத்தில் பனி விழுந்தால் சாதாரண டயர் தாங்குமா?

சயானில் ஏஞ்சல்ஸ் லேண்டிங் என்ற செங்குத்துப் பாறை ஏற்றம் வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. சங்கிலியைப் பிடித்து ஏற வேண்டும், 2022இலிருந்து அதற்கும் குலுக்கலில் அனுமதி வாங்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது. பதிலாக நாரோஸ் என்ற குறுகிய பள்ளத்தாக்கில் வெர்ஜின் ஆற்றுக்குள் நடக்க ஆசை. தண்ணீர் சில்லென்று இருக்குமே, வாடகைக்குத் தரும் காலணி மட்டும் போதுமா, தண்ணீர் புகாத முழு உடையும் எடுக்க வேண்டுமா?

அப்புறம், கேன்யன்லேண்ட்ஸுக்கு ஒரே நாள்தான் இருக்கிறது. ஐலண்ட் இன் த ஸ்கை பகுதியை மட்டும் பார்த்தால் போதுமா, நீடில்ஸ் பகுதிக்கும் அவ்வளவு தூரம் சுற்றிப் போகலாமா?