பாத்டப் ஓர சிலிகானில் கறுப்புப் பூஞ்சை, தேய்த்தும் போகவில்லை. என்ன செய்யலாம்?

வேளச்சேரி வாடகைவீடு:
வணக்கம். வேளச்சேரியில் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். பாத்ரூமில் அக்ரிலிக் பாத்டப், அதற்கு மேலேயே ஷவர். சுவரும் டப்பும் சேருகிற இடத்தில் ஓடும் வெள்ளை சிலிகான் கோடு முழுக்கக் கறுப்புப் புள்ளி விழுந்துவிட்டது. டைல்ஸ் இடுக்கிலும் இருக்கிறது, ஷவர் திரையின் அடி ஓரத்திலும் இருக்கிறது. தண்ணீர் போகும் ஜாலியைச் சுற்றி மட்டும் ரோஸ் நிறத்தில் வழவழவென்று ஏதோ படிகிறது. ஆப்ப சோடா, வினிகர், எலுமிச்சை எல்லாம் போட்டுப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தாகிவிட்டது. டைல்ஸில் இருப்பது போகிறது, ஆனால் கொஞ்ச நாளில் திரும்ப வந்துவிடுகிறது. சிலிகானில் இருப்பது அசையவே இல்லை. ஐப்பசி, கார்த்திகை வந்தால் இன்னும் மோசம். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடத்தான் செய்கிறது. மகளுக்கு வீசிங் தொந்தரவு உண்டு, அதனால்தான் கவலை. கடைக்காரர் ஆசிட் ஊற்றுங்கள் என்கிறார், மாமியார் ப்ளீச்சிங் பவுடர் போடு என்கிறார். இரண்டையும் சேர்த்து ஊற்றி ஒரே நாளில் முடித்துவிடலாமா?

கெமிஸ்ட்ரி டீச்சர்:
மேடம், மற்றதெல்லாம் அப்புறம். முதலில் இதைப் படியுங்கள்: இரண்டையும் சேர்க்கவே சேர்க்காதீர்கள். ப்ளீச்சோடு ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். சின்ன பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு அதைச் சுவாசித்தால் ஆரோக்கியமானவர்களுக்கே மூச்சு முட்டும், வீசிங் உள்ள குழந்தை இருக்கும் வீட்டில் நினைத்துப் பார்க்கவே முடியாது. பாத்ரூம் ஆசிட் மட்டுமில்லை, டாய்லெட் கழுவும் திரவங்கள் பலவற்றிலும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்தான் இருக்கிறது. நீங்கள் போடும் வினிகரும் எலுமிச்சையும்கூட அமிலம்தான். அம்மோனியா கலந்த கிளீனரோடும் ப்ளீச் சேரக்கூடாது. இன்று வினிகர் போட்டிருந்தால் நிறைய தண்ணீர் விட்டு அலசிவிட்டு, ப்ளீச்சை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ரோஸ் நிற வழவழப்பு பெரும்பாலும் பூஞ்சை இல்லை, பாக்டீரியா. செராஷியா மார்செசன்ஸ் என்று ஒன்று, சோப்பும் ஷாம்பும் படிந்த ஈர இடத்தில் சுகமாக வளரும். முதலில் சோப்புத் தண்ணீர் விட்டு பிரஷ்ஷால் தேய்த்து அந்த வழவழப்பை எடுத்துவிடுங்கள். எடுக்காமல் மேலே எந்த மருந்தை ஊற்றினாலும் அடி வரை இறங்காது.

வேளச்சேரி வாடகைவீடு:
ரொம்ப நன்றி டீச்சர், நல்லவேளை கேட்டேன். அப்படியானால் ப்ளீச் மட்டும் போடலாமா? எவ்வளவு?

கெமிஸ்ட்ரி டீச்சர்:
போடலாம். கடையில் கிடைக்கும் திரவ ப்ளீச்சை ஒரு லிட்டர் தண்ணீருக்கு 60 மில்லி அளவில் கலந்தால் போதும், அதற்கு மேல் வேண்டாம். மகள் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து, ஜன்னலைத் திறந்து, ஃபேனைப் போட்டு, கையுறை மாட்டிக்கொண்டு செய்யுங்கள். ஸ்ப்ரே அடிக்க வேண்டாம், துளிகள் மூச்சுக்குள் போகும். துணியில் நனைத்துப் பூசுங்கள். பத்து நிமிடம் ஊறவிட்டுத் தேய்த்து, நன்றாக அலசுங்கள். குழாயின் பளபளப்பான குரோம் மேல் தங்கவிடாதீர்கள், பூச்சு கெட்டுவிடும்.

சிலிகானுக்கு மட்டும் தனி வழி. டிஷ்யூ பேப்பரைத் திரி மாதிரி முறுக்கி அதே கரைசலில் நனைத்து, கோட்டின் மேல் அழுத்தி ஒட்டிவிட்டு ஒன்றிரண்டு மணி நேரம் விடுங்கள். நிற்கிற சுவரில் கரைசலை மட்டும் பூசினால் உடனே வழிந்துவிடும், டிஷ்யூ பிடித்து வைத்துக்கொள்ளும்.

பம்மல் டைல்ஸ் மேஸ்திரி:
டீச்சர் சொன்னதைச் செய்து பாருங்கள் அக்கா. அதிலும் போகவில்லை என்றால் கறுப்பு சிலிகானுக்கு உள்ளேயோ அதற்குப் பின்னாலோ இருக்கிறது என்று அர்த்தம். பிறகு எத்தனை தடவை தேய்த்தாலும் கைதான் வலிக்கும். அறுத்து எடுத்துவிட்டுப் புதுசு போட வேண்டியதுதான். பெரிய வேலை இல்லை, ஆனால் அவசரப்பட்டால் கெட்டுவிடும்.

கட்டர் பிளேடால் மேல் கோடும் கீழ் கோடும் கீறினால் பழைய சிலிகான் நாடா மாதிரி உரிந்து வரும். அக்ரிலிக்கில் கீறல் விழும், அதனால் டப் பக்கம் இருப்பதை பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் எடுங்கள். பழையது ஒரு துளி மிஞ்சினாலும் புதுசு அங்கே ஒட்டாது. பிறகு ப்ளீச் தண்ணீரால் துடைத்து, அலசி, முழுசாகக் காயவிடுங்கள். ஒரு நாளாவது ஷவர் வேண்டாம், வாளியில் குளித்துக்கொள்ளலாம். கடைசியாக ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் ஒரு துடை.

இனிமேல் சொல்வதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். சிலிகான் போடும் முன்னால் டப்பில் முக்கால்வாசி தண்ணீர் நிரப்புங்கள். அக்ரிலிக் டப் பாரத்துக்குக் கொஞ்சம் கீழே இறங்கும், சுவருக்கும் டப்புக்கும் நடுவில் இடைவெளி விரியும். அந்த விரிந்த நிலையில் சிலிகான் அடைத்து, காய்ந்த பிறகுதான் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். காலி டப்பில் போட்டால், ஆள் ஏறி நின்றதும் சிலிகான் இழுபட்டு ஓரத்தில் தலைமுடி அளவுக்கு விரிசல் விடும். கண்ணுக்கே தெரியாது, ஆனால் அதற்குள் இறங்கும் தண்ணீர் காயவே காயாது. உங்கள் கறுப்பு அங்கிருந்துதான் வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மேலும் கீழும் மாஸ்கிங் டேப் ஒட்டி, நடுவில் சிலிகான் டியூபை அழுத்தும் கன்னால் ஒரே சீராக இழுத்து, சோப்புத் தண்ணீரில் நனைத்த விரலால் ஒரு தடவை வழித்துவிட்டு, ஈரமாக இருக்கும்போதே டேப்பை எடுத்துவிடுங்கள். கடையில் கேட்கும்போது பூஞ்சை எதிர்ப்பு உள்ள, பாத்ரூமுக்கான சானிட்டரி சிலிகான் என்று கேளுங்கள். ஜன்னலுக்குப் போடும் சாதாரண சிலிகானைத் தந்துவிடுவார்கள். 24 மணி நேரம் தண்ணீர் படக்கூடாது, டியூபில் அதற்கு மேல் போட்டிருந்தால் அதன்படி விடுங்கள்.

டைல்ஸ் இடுக்கில் வெறும் வொயிட் சிமென்ட் அடைத்திருந்தால் அது தண்ணீரைக் குடிக்கும். ஆசிட் ஊற்றினால் இன்னும் அரித்துப் பள்ளமாகிவிடும், அழுக்கு சேர இன்னும் நல்ல இடம். கடைக்காரர் சொன்னதைக் கேட்காதீர்கள். வீட்டுக்காரர் செலவு செய்வார் என்றால் இடுக்கைச் சுரண்டிவிட்டு எபாக்ஸி கிரௌட் போடச் சொல்லுங்கள், அதில் ஈரம் இறங்காது.

நங்கநல்லூர் ராஜி:
மேஸ்திரி அண்ணா சொன்னது அத்தனையும் சரி. ஆனால் ஈரம் தங்கினால் புது சிலிகானும் கறுக்கும். நம் ஊரில் அமெரிக்காக்காரர்கள் சொல்வது மாதிரி ஜன்னலைத் திறந்துவிட்டால் போதும் என்று இருக்க முடியாது. வடகிழக்குப் பருவமழை நேரத்தில் வெளிக்காற்றே ஈரமாக இருக்கும்போது அது உள்ளே வந்து எதைக் காயவைக்கும்? அதனால் சென்னையில் தண்ணீரைக் கையால் எடுப்பதுதான் வழி என்பது என் உறுதியான எண்ணம். கடைசியாகக் குளிப்பவர் வைப்பரால் சுவரை மேலிருந்து கீழே ஒரு இழுப்பு, பிறகு பழைய துண்டால் சிலிகான் கோட்டையும் டப் விளிம்பையும் ஒரு துடை. ஒரு நிமிட வேலை. அந்தத் துண்டை வெளியே காயப் போடுங்கள். ஷவர் திரையைச் சுருட்டி வைக்காமல் விரித்து விடுங்கள், அடி ஓரம் டப்புக்குள் ஒட்டிக் கிடக்க வேண்டாம். டப்பில் ரப்பர் மேட் போட்டிருந்தால் புரட்டிப் பாருங்கள், உறிஞ்சுக் குமிழ்களுக்குள் முழுக்கக் கறுப்பாக இருக்கும். மழைக்காலத்தில் துவைத்த துணியை பாத்ரூமில் காயப் போடுகிறீர்களா?

அப்புறம் ஃபேன் ஓடுகிறது என்பது வேறு, காற்றை இழுக்கிறது என்பது வேறு. ஒரு டிஷ்யூவை அதன் முன் பிடியுங்கள், ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டவில்லை என்றால் இறக்கையில் தூசி, அல்லது காற்று வெளியேறும் ஷாஃப்ட் பக்கத்து மூடி திறக்காமல் இருக்கும். கதவுக்கு அடியில் கொஞ்சமாவது இடைவெளி இருக்கிறதா என்றும் பாருங்கள், காற்று உள்ளே வர வழி இல்லாமல் ஃபேன் எதை வெளியே தள்ளும்? குளித்து முடித்து அரை மணி நேரம் ஓடட்டும்.

வேளச்சேரி வாடகைவீடு:
ராஜி அக்கா, துணி விஷயம் உண்மைதான், மழை நேரத்தில் டப்புக்கு மேலேதான் கொடி. டிஷ்யூவும் பிடித்துப் பார்த்தேன், கீழே விழுந்துவிட்டது. மூடியைக் கழற்றினால் உள்ளே தூசி கம்பளிபோல் படிந்திருக்கிறது. மேஸ்திரி அண்ணா, ஒரு சந்தேகம். பாத்ரூமுக்கு அடுத்த பெட்ரூம் சுவரில் தரையோரமாக பெயின்ட் உப்பி உதிர்கிறது. இதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்குமா?

பம்மல் டைல்ஸ் மேஸ்திரி:
இருக்கும் அக்கா, அப்படியானால் புது சிலிகானை இப்போது போடாதீர்கள். டப்பின் அடியிலோ சுவருக்குள்ளோ கசிவு இருக்கலாம். ராத்திரி பாத்ரூமை யாரும் பயன்படுத்தாமல் விட்டு, டப்பை அடைத்துத் தண்ணீர் நிரப்பி, விளிம்பில் பென்சில் கோடு போட்டு வையுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் டப்போ அதன் அடைப்பானோ கசிகிறது. இறங்கவில்லை என்றால் தண்ணீரைத் திறந்துவிட்டு, டப்பின் பக்கவாட்டில் இருக்கும் சின்னக் கதவைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீர் போகும்போது மட்டும் அடியில் நனைந்தால் வேஸ்ட் பைப் ஜாயின்ட். அதுவும் காய்ந்திருந்தால் ஷவருக்குப் போகும் சுவர் பைப்பைச் சந்தேகப்பட வேண்டும், அதற்கு பிளம்பர் வர வேண்டும். எதுவானாலும் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு இன்றே அனுப்பிவிடுங்கள். சுவருக்குள் இருக்கும் கசிவு அவர் பார்க்க வேண்டிய வேலை, உங்கள் அட்வான்ஸில் கழிக்க விடாதீர்கள்.

வேளச்சேரி வாடகைவீடு:
இன்று ராத்திரியே நிரப்பிக் கோடு போடுகிறேன் அண்ணா. மகளை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டு சனிக்கிழமை ப்ளீச் வேலையை வைத்துக்கொள்கிறேன். கசிவு எங்கே என்று தெரிந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.