புதுப்பிப்பு: அக்கா வீட்டுக் குழாயில் தண்ணீர் வருகிறது

வேலூர் கொசப்பேட்டையில் பீடி சுற்றிப் பிழைக்கும் என் அக்காவைக் காலி செய்ய வைக்க, வீட்டுக்காரர் தண்ணீர்க் குழாயை அடைத்துவிட்டதைப் போன மாதம் எழுதியிருந்தேன். சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் இலவச வக்கீல் வைத்துத் தரும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகினோம். வருமானச் சான்றுக்கு அலைய வேண்டுமோ என்ற பயம் வீண். இந்த உதவிக்கான 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. (15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.)

இலவச வக்கீல் ஏனோதானோ என்றிருப்பார் என நினைத்தது என் தப்பு. முறத்தடியில் கிடந்த, புகையிலை நெடியடிக்கும் வாடகைச் சீட்டுகளை அந்த அம்மா தேதிவாரியாக அடுக்கினார். தகராறு இருந்தாலும் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்த 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் இடம் தரவில்லை என்று நோட்டீஸ் போனது. நான்காம் நாள் குழாய் திறந்தது.

காலி செய்யும் வழக்கு இனிமேல்தான். அதுவரை வாடகையை வங்கி வழியாகவே கட்டச் சொல்லியிருக்கிறார்.