பூல் உலகப் போட்டி: எங்கே தொடங்குவது, யாரைப் பின்தொடர்வது?

கரூர்_ஸ்னூக்கர்:

ஸ்னூக்கர் பார்த்தே பழகியவன் நான். பங்கஜ் அத்வானி ஆட்டம் என்றால் தேடிப் பிடித்துப் பார்ப்பேன். அதன் உறவு ஆட்டமான பூல் பக்கம் போனதே இல்லை. போன வாரம் தற்செயலாக 2025 ஜூலையில் ஜித்தாவில் நடந்த உலகப் பூல் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம் கண்ணில் பட்டது. பிலிப்பைன்ஸின் கார்லோ பியாடோ, அமெரிக்காவுக்காக ஆடும் ஃபெடோர் கோர்ஸ்டை 15-13 என்று வென்றார். உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை.

அடுத்த ஆண்டு முதல் நாளிலிருந்தே பார்க்க ஆசை. ஆனால் 128 பேர் ஆடுகிறார்களாம், அதில் யாரைப் பார்ப்பது? தோற்றவர்கள் மறுபடி ஆடுகிறார்களே, அது எப்படி? இன்னொன்று, பிரேக் (அடுக்கிய பந்துகளைக் கலைக்கும் முதல் அடி) முடிந்த உடனே ஒருவர் வெள்ளைப் பந்தை எந்தப் பந்தின் மேலும் படாமல் மெதுவாகத் தள்ளிவிட்டார். ஃபவுலும் கொடுக்கவில்லை. ஏன்?

தோபாயோ_அக்கா:

வணக்கம் தம்பி. நல்ல ஆட்டத்தில்தான் தொடங்கியிருக்கிறீர்கள்.

டிரா, அதாவது யார் யாரோடு ஆடுவது என்ற அட்டவணை, சுலபம். ஒருவருக்கு இரண்டு தோல்வி வருவதற்குள் இரண்டு வெற்றி வந்துவிட வேண்டும். முதல் இரண்டு ஆட்டத்தையும் வென்றால் நேராகக் கடைசி 64 பேருக்குள். ஒன்றில் தோற்றாலும் மற்ற இரண்டை வென்று உள்ளே வரலாம். பாதிப் பேர் அங்கேயே கழிந்துவிடுவார்கள். அதற்குப் பிறகு இரண்டாவது வாய்ப்பு கிடையாது, தோற்றால் ஊருக்குப் போக வேண்டியதுதான். அந்த 64-இலிருந்து கோப்பைக்கு ஆறு வெற்றி தேவை.

யாரைப் பார்ப்பது என்றால், ஒரே ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். நட்சத்திரமாக இருக்க வேண்டும் என்றில்லை. அவர் முதல் நாள் எந்த மேசையில், யாரோடு ஆடுகிறார், தோற்றால் அடுத்து யார் வருவார் என்று டிராவில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே போங்கள். 128 பெயரும் தானாக மனதில் ஏறிவிடும்.

நான் சிங்கப்பூரில் இருப்பதால் எனக்கு அலோஷியஸ் யாப். 2014-இல் ஜூனியர் உலகப் பட்டம் வென்றவர். 2021 செப்டம்பரில் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த யு.எஸ். ஓப்பன் இறுதிக்கு வந்தார். அங்கேயும் இங்கேயும் சரியாகப் பன்னிரண்டு மணி நேர வித்தியாசம். அவர்களுக்கு இரவு ஆட்டம் என்றால் நமக்குக் காலைப் பசியாறும் நேரம். பந்துகளை அடுக்கி ஆடும் ஒவ்வொரு சுற்றும் ஒரு ரேக். 13 ரேக் எடுத்தால் பட்டம், யாப் 8-3 என்று முன்னால் இருந்தார். அங்கிருந்து எதிராளி ஒரு ரேக் கூட விட்டுக்கொடுக்காமல் பத்து ரேக் எடுத்து 13-8 என்று முடித்தார். எதிராளி யார் தெரியுமா? நீங்கள் ஜித்தாவில் பார்த்த அதே பியாடோ. பூலில் எதிராளி மேசையில் நிற்கும்வரை நாம் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியே இல்லை. எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் யாப்பின் பக்கம் நின்று பார்த்ததால்தான் பியாடோ எவ்வளவு பெரிய ஆட்டக்காரர் என்பது உறைத்தது. 1994-இல் எஃப்ரன் ரெயஸ் வென்ற பிறகு யு.எஸ். ஓப்பன் பட்டத்தை வென்ற பிலிப்பைன்ஸ்காரர் அவர்தான்.

ஸ்னூக்கர் ரசிகருக்கு இன்னொரு விஷயம். பந்து பாக்கெட்டில் விழுவதைப் பார்க்காதீர்கள், இவர்களுக்கு அது விழுந்துவிடும். வெள்ளை எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். 1 முதல் 9 வரை எண்ணிட்ட பந்துகளோடு ஆடும் இந்த 9-பாலில் மேசையில் இருக்கும் மிகச் சிறிய எண்ணைத்தான் முதலில் தொட வேண்டும், அதனால் போகிற பாதை முன்கூட்டியே தெரியும். ஒன்றைப் போட்டுவிட்டு இரண்டுக்கு நேர்கோட்டில் நின்றுவிட்டால் நல்லது என்று தோன்றும். பல நேரம் அதுதான் சிக்கல். கொஞ்சம் கோணம் இருந்தால்தான் வெள்ளையை நகர்த்தி மூன்றுக்குக் கொண்டுபோக முடியும். பிரேக் முடிந்ததும் வீடியோவை நிறுத்தி, நீங்களே பாதை போட்டுப் பாருங்கள். அப்புறம் ஓடவிட்டு, பியாடோ எங்கே மாறுபடுகிறார் என்று கவனியுங்கள். நான் கற்றுக்கொண்டதே இப்படித்தான்.

தோஹா_மணல்:

அந்த மெதுவான தள்ளலுக்குப் பெயர் புஷ் அவுட். பிரேக்குக்கு அடுத்த அடியில் மட்டும் அனுமதி. அடிக்க வழியில்லாமல் வெள்ளை மறைந்து கிடந்தால், எதையும் தொடாமல் அதை வேறு இடத்துக்குத் தள்ளலாம். பிறகு முடிவு எதிராளி கையில்: தானே ஆடலாம், அல்லது 'நீயே ஆடு' என்று திருப்பிக் கொடுக்கலாம். ஆகவே தள்ளுபவர் தனக்குக் கைவந்த, எதிராளிக்குத் தயக்கம் தருகிற ஓர் இடத்தைத் தேடுவார். ஒரு ஆட்டக்காரரின் தன்னம்பிக்கையை இதை வைத்தே எடைபோட்டுவிடலாம்.

2017-இல் இங்கே தோஹாவில் அல் அரபி கழக அரங்கில் உலகப் போட்டி நடந்தபோது உடன் வேலை பார்த்த பிலிப்பைன்ஸ் நண்பர்கள் என்னை இழுத்துப் போனார்கள். இறுதியில் பியாடோவும் ரோலண்ட் கார்சியாவும், இருவருமே அவர்கள் நாட்டவர். 13-5 என்று பியாடோ வென்றார். அடுத்த ஆண்டும் இங்கேதான், பியாடோ மறுபடி இறுதிக்கு வந்து ஜெர்மனியின் ஜோஷுவா ஃபில்லரிடம் 13-10 என்று தோற்றார். 2025-இல் அவர் மீண்டும் வென்றபோது அந்த நண்பர்கள் எல்லோரும் எனக்கு வாட்ஸ்அப் அனுப்பினார்கள்.

ஒருவரை மட்டும் பிடித்துக்கொள்வதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. முதல் இரண்டு நாள் வெளி மேசைகளை விட்டுவிடாதீர்கள். பெயர் தெரியாத ஒருவர் பெரிய ஆளை நடுங்க வைப்பது அங்கேதான்.

கரூர்_ஸ்னூக்கர்:

அக்கா, அண்ணா, இருவருக்கும் நன்றி. இன்னொன்று மட்டும். ஸ்னூக்கரில் சேஃப்டி ஆட்டம் (எதிராளிக்கு வசதியான அடி கிடைக்காதபடி ஆடுவது) நீண்டுகொண்டே போகும், அது எனக்குப் பிடிக்கும். இதில் இரண்டு அடியிலேயே முடிந்துவிடுகிறதே?

தோபாயோ_அக்கா:

தண்டனை அவ்வளவு கடுமையானது தம்பி. ஃபவுல் செய்தால் எதிராளி வெள்ளையைக் கையில் எடுத்து மேசையில் எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். இந்தத் தரத்தில் அது ரேக்கையே தூக்கிக் கொடுத்த மாதிரி. தொடர்ந்து மூன்று ஃபவுல் செய்தால் ரேக்கே போய்விடும். அதனால்தான் குட்டையான ஜம்ப் கியூவை எடுத்துப் பந்துக்கு மேலே வெள்ளையைத் தாவ விடுகிறார்கள், அல்லது மேசை விளிம்பின் குஷனில் மோதவிட்டுத் தொடப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு அடிக்கும் நேரம் எண்ணும் ஷாட் கிளாக் வேறு ஓடிக்கொண்டிருக்கும். ரேக்கை வென்றவரே அடுத்த பிரேக்கையும் அடிப்பதால், ஒரு சேஃப்டி தவறினால் அடுத்தடுத்து நாலைந்து ரேக் கூடப் போகலாம்.

தோஹா அண்ணன் சொன்ன வெளி மேசைகளையும் பாருங்கள், மறுக்கவில்லை. ஆனால் உங்களுக்கென்று ஒருவர் இருக்கட்டும்.

இப்போதைக்கு 2024 ஜித்தா இறுதியைப் பாருங்கள். கோர்ஸ்டும் அல்பேனியாவின் எக்லென்ட் காச்சியும், 15-14, கடைசி ரேக்வரை போனது. அப்புறம் 2025 யு.எஸ். ஓப்பன். அந்த முறை பட்டம் யாப்புக்கு. பார்த்த பிறகு யாரைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று இங்கே எழுதுங்கள்.