காந்தளூர்ச் சாலையில் இராசராசன் அறுத்த 'கலம்' எது?

கேள்வி (சுசீந்திரம்):
நண்பர்களுக்கு வணக்கம். 985 முதல் 1014 வரை ஆண்ட சோழ மன்னன் முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தி (கல்வெட்டின் தொடக்கத்தில் அரசனின் வெற்றிகளைப் புகழும் பகுதி), வேங்கை நாட்டுக்கும் ஈழத்துக்கும் முன்பாகக் "காந்தளூர்ச்சாலை கலமறுத்தருளி" என்றே வெற்றிகளை அடுக்கத் தொடங்குகிறது. சேரனின் கப்பல்களை அழித்தான் என்றுதான் பள்ளியில் படித்தேன். சாலை என்பது துறைமுகமா? கலம் என்பது கப்பல்தானா?

மறுமொழி (முஞ்சிறை):
ஐயா, சாலை என்றால் என்னவென்று அறிய எங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள பார்த்திவபுரத்தையே சான்றாகக் கொள்ளலாம். 866-இல் ஆய் குல மன்னன் கருநந்தடக்கன், முஞ்சிறைச் சபையாரிடம் வேறு நிலம் கொடுத்து மாற்றாகப் பெற்ற இடத்தில், பிடி யானையை நடத்தி எல்லை வகுத்து, திருமால் கோயில் எடுத்து, 95 சட்டர்கள் (மாணவர்கள்) பயிலும் சாலையை நிறுவினான். அதைக் காந்தளூர் முறைப்படியே அமைத்ததாக அவனுடைய செப்பேடு கூறுகிறது. வேதத்தோடு இலக்கணமும் அரசு நடப்பும் அறிந்தவர்களுக்கே அங்கு இடம் இருந்தது. சபைக்கு ஆயுதத்தோடு வரக் கூடாது என்றொரு விதியும் உண்டு. ஆயுதம் வைத்திருந்தவர்களுக்குத்தானே அப்படி ஒரு விதி தேவைப்படும்! ஆகவே காந்தளூரில் சோழன் கை வைத்தது, அரசுக்கு ஆள் உருவாக்கிய ஒரு கல்வி நிலையத்தின் மீது என்பதே என் துணிபு. கலம் என்பதை அங்கு உண்பவர்களின் உணவுக்கலமாகவும், அவர்களின் உரிமையாகவும் கொள்ளும் அறிஞர்கள் இருக்கிறார்கள்.

மறுமொழி (குளச்சல்):
சாலையைப் பற்றி முஞ்சிறை நண்பர் சொன்னதை ஏற்கிறேன். கப்பலை மட்டும் அவ்வளவு எளிதில் கைவிட முடியவில்லை. இராசராசனின் பேரன் இராசாதிராசனின் மெய்க்கீர்த்தி "வேலைகெழு காந்தளூர்ச் சாலை" என்கிறது. வேலை என்றால் கடல். கடலோரத்தில் நிற்கும் இடத்தைச் சொல்லிக் கலமறுத்ததைச் சொன்னால், கடற்கரையில் பிறந்த என் போன்றவர்களுக்கு முதலில் மரக்கலமே நினைவுக்கு வரும். தாத்தா அறுத்ததைப் பேரன் மீண்டும் அறுக்க நேர்ந்தது என்றால், அங்கே எதிர்ப்பு அடங்கவே இல்லை என்றும் பொருள்படும்.

மறுமொழி (கோட்டாறு):
கேட்டவர் சுசீந்திரத்துக்காரர் என்பதால் ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். சோழர் ஆட்சியில் தங்கள் ஊர், இராசராசனின் தந்தை பெயரால் சுந்தரசோழச் சதுர்வேதிமங்கலம் ஆயிற்று. எங்கள் கோட்டாறு மும்முடிச் சோழநல்லூர் ஆயிற்று. மும்முடிச் சோழன் என்பது இராசராசனின் பட்டம். அந்தப் பெயர்கள் இன்று கல்வெட்டோடு நின்றுவிட்டன. எங்கள் சந்தையில் சுமை இறக்குகிறவர் முதல் பேருந்து நடத்துநர் வரை எல்லாரும் சொல்வது கோட்டாறு என்றுதான்.